மூன்று டேப்லெட், ஒரு ஞானஸ்நானம்

ஒரு பொருளை வாங்குமுன் அதே மாதிரி இன்னும் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம். ஆண்டிபட்டிச் சந்தையில் ஒரு கிலோ தக்காளிக்காக எல்லாக் கடையும் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையே தேவலை என்று திரும்பி வந்து, அங்கே தக்காளி தீர்ந்துபோய் வெறும் பையோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று போட்டோக்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்து ஒரு வாரம் யோசித்தேன். (அந்த வாரம் முழுக்கத் தன் போட்டோமேல் சாம்பார்க் கிண்ணம் இருந்ததாக என் கணவர் அமல் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். கிண்ணம் இருந்தது உண்மை. சாம்பார் இல்லை, ரசம்.)

இந்தக் குணத்தோடு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிற ஒரு கிராமத்துக்கு. சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. புகுந்த வீட்டில் வயரும் சுவிட்சும் உள்ள எல்லாவற்றுக்கும் நான்தான் அதிகாரி. மிக்சி ஓடவில்லை என்றாலும் "கம்ப்யூட்டரு படிச்ச புள்ளயக் கூப்புடு" என்பார் என் மாமியார். நானும் போய், பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகிவிட்டு, பெரிய அறுவை சிகிச்சையை முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வருவேன். பாதித் தடவை அதிலேயே மிக்சி ஓடிவிடும். அந்தப் பாதித் தடவைதான் என் தலைக்கனத்துக்குக் காரணம்.

கல்யாணமான மறு வருடம் அந்த வீட்டுக்கு ஒரு டேப்லெட் தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அமலுக்கு ஒரே தங்கச்சி, லூர்து. நர்ஸ் படித்துவிட்டு அயர்லாந்துக்கு வேலைக்குப் போனவள், அங்கே கூட வேலை பார்த்த ஷிபுவைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் போனில் சொன்னாள். ஷிபு வேற்று மதமில்லை, நல்ல பையன், ஊரும் தூரமில்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் என் மாமனாருக்கு அது பொருட்டில்லை. "எங்கிட்டக் கேக்கல, சொன்னா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. கேரளாவில் நடந்த கல்யாணத்துக்கு வந்தார், ஓரமாக நின்றார், கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு மகளோடு பேச்சு இல்லை. லூர்து போன் பண்ணினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். திராட்சைக் கொடிக்கு எந்த நேரத்திலும் ஒரு வேலை இருந்தது.

லூர்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். எங்களில் யாருக்கும் அயர்லாந்து போக வழி இல்லை. அப்போதுதான் லூர்து எனக்குப் போன் பண்ணினாள்.

"மதினி, ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். சாமியார் பிள்ளைக்கு என்ன பேருன்னு கேப்பாருல்ல, அந்த நேரத்துல பேர நம்ம வீட்ல இருந்து அம்மா சொல்லணும். சர்ச்சுல பெரிய திரை இருக்கு. அதுல நீங்கல்லாம் தெரிவீக. ஸ்பீக்கர்லயும் கனெக்சன் குடுத்துட்டாக. சின்ன போன்ல எல்லாரும் முண்டியடிக்காம, ஒரு நல்ல டேப்லெட்டா வாங்கிருங்க."

"பேரு என்ன வைக்கப்போற?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "சூசை."

அது என் மாமனாரின் பெயர். ஷிபுவின் அப்பா பெயர் ஔசேப்பு. சூசையும் ஔசேப்பும் ஜோசப்பும் ஒரே புனிதரின் பெயர்தான். ஒரே பெயரில் இரண்டு தாத்தாவையும் அடக்கிவிட்டாள் கெட்டிக்காரி. "அப்பாவுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிறாதீக. அம்மா வாயால கேக்கட்டும். அவரு வந்து உக்காருவாரா மதினி?"

"எல்லாம் உக்காருவாக. நீ கவலைப்படாத. டேப்லெட் விசயத்த எங்கிட்ட விட்டுரு" என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வேறொரு பெண்ணாக இருந்தால் கம்பத்துக்குப் போய் ஒரு டேப்லெட்டை வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்திருப்பாள். நான் ரிவ்யூ வீடியோ பார்க்க உட்கார்ந்தேன். தெலுங்கில் பார்த்தேன், இந்தியில் பார்த்தேன், பாஷையே இல்லாமல் வெறும் கை மட்டும் வந்து டப்பாவைப் பிரிக்கிற வீடியோக்களையும் பார்த்தேன். எவ்வளவு பார்த்தேனோ அவ்வளவு குழம்பினேன். ஒருவர் ஆகா என்றதை இன்னொருவர் குப்பை என்றார். கடைசியில், நேரில் வைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும் என்ற முடிவுக்கு வந்தேன். மூன்று டேப்லெட்டை இரவல் வாங்கினேன்.

வெள்ளை உறை போட்டது என் தம்பியுடையது. ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தேன். விலை கூடியது, அப்பள எடை. படம் கண்ணாடியாக இருக்கும். அதன் கேமராதான் விசேஷம்: எதிரில் இருப்பவர் நகர்ந்தால் கேமராவும் பின்னாலேயே போகும். புதிதாக ஒருவர் அறைக்குள் வந்தால் அவரையும் தேடிப் பிடித்துப் பெரிதாகக் காட்டும். குறை என்னவென்றால் சத்தம் மெலிசு, வெயிலில் கொண்டுபோனால் படத்துக்குப் பதில் நம் முகம்தான் தெரியும்.

கறுப்பு, கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற அமலின் சிநேகிதர் கொடுத்தது. பார்வைக்கு வைத்திருந்த பீஸ். முறம் போலப் பெரிய திரை. நாலு மூலையிலும் நாலு ஸ்பீக்கர். திருவிழா ரேடியோ செட் தோற்றது. ஆனால் கனம். படுத்துக்கொண்டு பார்க்கும்போது கை நழுவி அமலின் மூக்கில் விழுந்து, இரண்டு நாள் அவர் ஜலதோஷக்காரர் மாதிரி பேசினார்.

நீலம், என்னோடு வேலை பார்க்கும் டீச்சருடையது. விலை மலிவு, படம் சுமார். ஆனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் சாகாது. ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியதால் மைக் அபாரம். மின்விசிறி, குக்கர் விசில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மனுசக் குரலை மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்பும். ஒரே குறை, மந்தம். ஒரு பொத்தானைத் தொட்டால், "என்னையா கூப்பிட்டீங்க?" என்று யோசித்துவிட்டுத்தான் வேலை செய்யும்.

மூன்றையும் கூடத்து மேஜையில் வைத்து நான் ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். அமல் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டார். அத்தை பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏ புள்ள, முறுக்குப் பிழிஞ்ச எண்ணெக் கையோட தொட்டா இதுல எது வேல செய்யும்?" என்றார். நான் பார்த்த எந்த ரிவ்யூவிலும் அந்தக் கேள்வி வரவில்லை. சோதித்தோம். எதுவும் வேலை செய்யவில்லை. "அப்புறம் என்னத்துக்கு இம்புட்டு வெல?" என்று எழுந்து போய்விட்டார்.

பக்கத்து வீட்டு செலின் அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மூணு டேப்லெட்டா? யாருக்குச் சுகரு?" என்று விசாரித்தார். மாமா மட்டும் எதுவும் கேட்கவில்லை. மேஜைப் பக்கம் வந்தார், மூன்றையும் ஒரு பார்வை பார்த்தார், சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். (மேஜைப் பக்கம் சொம்பே கிடையாது என்பதும், அதை அவர் கையிலேயே கொண்டுவந்திருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது.)

ஞானஸ்நான நாள் வந்தது. அவர்களுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம். அதுவரைக்கும் எனக்கு எது சிறந்தது என்ற முடிவு வரவில்லை.

"ஏதாவது ஒண்ண எடுத்து வையி ரோஸி. அன்னைக்கே ஒண்ணு போதும்னேன்" என்றார் அமல்.

"மூணையும் ஒரே நேரத்துல ஒரே கால்ல போட்டுப் பாத்தாத்தாங்க நெசமான வித்தியாசம் தெரியும்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கு விட்டா இப்படி ஒரு சந்தர்ப்பம் வராது" என்றேன். பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு நடத்துகிற குரலில் சொன்னேன் என்று ஞாபகம்.

மூன்றையும் மேஜையில் சாய்த்து நிறுத்தினேன். அத்தை மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். செலின் அக்கா பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மாமா, "பந்தலுக்கு மருந்தடிக்கணும்" என்று மத்தியானமே கிளம்பிப் போயிருந்தார். அத்தை வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லூர்திடம் நான் கொடுத்த வாக்குக்காக மாமாவுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தேன்.

கால் போனது. மூன்று திரையிலும் சர்ச் தெரிந்தது. லூர்து வெள்ளைத் துணியில் பிள்ளையைச் சுற்றி ஏந்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஷிபு. பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து போயிருந்த அவன் அம்மா தங்கக் கரை போட்ட வெள்ளைச் சேலையில். மலையாளப் பாதிரியார், நிறைய மலையாளிக் குடும்பங்கள். நம் பக்கத்து மைக்குகள் மூன்றையும் அடைத்து வைத்திருந்தேன். அதுவரை எல்லாம் அழகாகப் போனது. நான் கூட, வெள்ளையில் படம் பத்துக்கு ஒன்பது, நீலத்தில் ஆறு என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாதிரியார் பெயர் கேட்கும் நேரம் நெருங்கியது. லூர்து எங்கள் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். நான் அத்தையைத் தொட்டு, "தயாரா இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, எந்த மைக் நல்ல மைக் என்று கண்டுபிடிக்க இதுதான் நேரம் என்று மூன்று மைக்கையும் ஒரே மூச்சில் திறந்தேன்.

கம்ப்யூட்டர் டீச்சரான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே அறையில் மூன்று மைக்கும் மூன்று ஸ்பீக்கரும் திறந்திருந்தால், ஒன்றின் சத்தத்தை இன்னொன்று வாங்கி, மற்றொன்றுக்குக் கொடுத்து, அது திரும்ப முதலாவதற்குக் கொடுக்கும். இதைப் பாடமாகவே நான் ஏழாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன்.

முதலில் 'ஊ' என்று ஆரம்பித்தது. பிறகு 'ஊஊஊ' என்று ஏறியது. மில் சங்கையும் ஆம்புலன்ஸையும் ஒன்றாகப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம். கறுப்பின் நாலு ஸ்பீக்கரும் தங்கள் பெருமையை நிலைநாட்டின. அங்கே சர்ச்சின் பெரிய ஸ்பீக்கரில் போய் அது இன்னும் பெருத்து, அயர்லாந்திலிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. பாதிரியார் புத்தகத்தால் காதைப் பொத்திக்கொண்டார். அதுவரை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு எழுந்தது.

"அமத்து, அமத்து!" என்று அமல் கத்தினார். அந்தக் கத்தலும் சர்ச்சுக்குப் போனது.

கறுப்பின் மைக்கை அமத்தினேன். அப்போதும் அதன் ஸ்பீக்கர் அலறியது. அமல் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, வாசலில் நின்ற டிராக்டர் சீட்டில் வைத்துவிட்டு வந்தார். வெள்ளையின் மைக்கை அமத்தினேன். நீலத்தை அமத்தினேன். நீலம் யோசித்தது. சரியாகப் படவில்லையோ என்று இன்னொரு தடவை அமத்தினேன். அது முதல் தடவை சொன்னதைக் கேட்டு மைக்கை மூடிவிட்டு, இரண்டாம் தடவை சொன்னதைக் கேட்டு மறுபடி திறந்து வைத்தது. அந்தக் கலவரத்தில் இதை நான் கவனிக்கவில்லை.

"குடு இங்கன அந்த எழவ!" என்று அத்தை என் கையிலிருந்து நீலத்தைப் பிடுங்கினார். அடுப்படிக்கு ஓடினார். அங்கே இருந்த பிளாஸ்டிக் அரிசி டிரம்முக்குள் அதைப் போட்டு, மேலே சுளகைக் கவிழ்த்து மூடினார். துணைக்குச் செலின் அக்காவும் பின்னால் ஓடினார்.

சத்தம் நின்றது.

கூடத்தில் நானும் அமலும் வெள்ளையும்தான் மிச்சம். திரையில் சர்ச் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. லூர்து அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி கேமராவைப் பார்த்தாள். அப்போது கூடத்துப் பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"என்ன ஆத்தா சத்தம்? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? ஏன் அழுகுறான்?"

மாமா நின்றார். தலையில் முண்டாசு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து தெறித்து முழங்கைவரை நீலப் புள்ளிகள். எங்கள் தோட்டம் வீட்டிலிருந்து நல்ல தூரம். சத்தம் கேட்டு அங்கிருந்து ஓடிவந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது. பிள்ளை அழுததும் தெரிந்திருக்காது.

வெள்ளையின் கேமரா, புது முகம் வந்ததைக் கண்டுகொண்டது. என் தம்பி சொன்ன மாதிரியே மெதுவாகத் திரும்பி, அவரைத் தேடிப் பிடித்து, முண்டாசிலிருந்து மீசைவரை பெரிதாக்கிக் காட்டியது. அயர்லாந்து சர்ச்சின் பெரிய திரை முழுக்க மாமா.

"அப்பா!" என்றாள் லூர்து.

மாமா அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போகவும் முடியவில்லை. முன்னால் வரவும் கால் எழவில்லை. அவர் வலப்பக்கம் ஒரு அடி வைத்தார், படமும் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் வைத்தார், இடப்பக்கம் வந்தது.

அந்த அமைதியில்தான் அத்தையின் குரல் கேட்டது. ஒரு தடவை எங்கள் அடுப்படியிலிருந்து. ஒரு நொடி கழித்து அதே குரல் அயர்லாந்திலிருந்து.

"சம்பந்தியம்மாவப் பாத்தியா செலினு? பேரப்பிள்ள ஞானஸ்நானம், ஒரு நல்ல காரியம். ஆருன்னாலும் வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வருவாகளா? கலரா ஒண்ணு கட்டுனா என்னவாம்?"

திரையில் ஷிபுவின் அம்மா குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டார். சர்ச்சில் ஒரு நாலைந்து தலைகள் அவர் பக்கம் திரும்பின. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தமிழ் புரியாது என்பது அத்தையின் நம்பிக்கை. அவர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நீலம் சாகவில்லை. டிரம்முக்குள் அரிசிமேல் படுத்துக்கொண்டு, மனுசக் குரலாகப் பொறுக்கி எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. நான் அடுப்படிக்கு ஓடத் திரும்பினேன். அதற்குள் அத்தை அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். யாரைப் பற்றி என்று தெரிந்ததும் வேண்டுமென்றே நின்றுவிட்டேன்.

"எனக்கு வெசனமெல்லாம் இந்த மனுசன நெனச்சுத்தான். மருந்தடிக்கப் போறேன்னாரே, போனாருங்கிற? காலையிலயே அடிச்சு முடிச்சுட்டாரு. மத்தியானத்துல இருந்து அந்தா சன்னலோரம் கொய்யா மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாரு. நான் பாக்கலன்னு நெனப்பு. அவ போன் பண்றப்பல்லாம் தோட்டத்துக்குப் போறாருல்ல? எங்கயும் போகல. அங்கனதான் நிப்பாரு. மக கொரலக் கேட்டுட்டுத்தான் போவாரு. போன்ல பேரன் படத்த வச்சுக்கிட்டு, விரல வச்சுப் பெருசு பண்றதும் பாக்குறதும், பெருசு பண்றதும் பாக்குறதும். மூக்கு எங்க அம்மா மூக்குன்னு எங்கிட்ட வந்து சொல்லுறாரு, ரகசியமா. வாயத் தொறந்து அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவாரு?"

இதெல்லாம் எங்கள் அடுப்படியில் ஒரு தரம், அயர்லாந்தில் ஒரு தரம், வாசலில் டிராக்டர் சீட்டில் இருந்த கறுப்பின் நாலு ஸ்பீக்கர் வழியாகத் தெருவுக்கே ஒரு தரம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிராக்டரைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா முண்டாசை அவிழ்த்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முறுக்கினார். திரையில் லூர்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி பெரிய திரையில் தெரிந்த மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பாதிரியார் நல்லவர். யாரையும் எதுவும் கேட்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திரையைப் பார்த்து, மாமாவைப் பார்த்து, மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார். நெட் அந்த நேரம் பார்த்து ஒரு விக்கல் விக்கியது. 'பிள்ளைக்கு' என்கிற முன்பாதி போய், பின்பாதிதான் எங்களுக்கு வந்தது.

"...பேரெந்தாணு?"

மாமாவுக்கு மலையாளம் தெரியும். வருஷக்கணக்காகக் குமுளிக்குத் திராட்சை ஏற்றிக்கொண்டு போனவர். எவனோ சம்பந்தமில்லாதவன் படத்துக்குள் நுழைந்துவிட்டான், யாரென்று விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான் எட்டி வெள்ளையின் மைக்கைத் திறப்பதற்கும், அவர் கையைக் கட்டிக்கொண்டு, செக்போஸ்ட் அதிகாரிக்குப் பதில் சொல்வது போல மரியாதையாகச் சொல்வதற்கும் சரியாக இருந்தது.

"சூசைங்க."

சர்ச் முழுக்கக் கை தட்டியது. வாசலில் தெரு கை தட்டியது. மாமா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "ஏன் ஆத்தா தட்டுறாக?"

"பிள்ளைக்குப் பேரு கேட்டாக மாமா. அதுதான் பேரு."

"எது?"

"உங்க பேருதான். லூர்து ஏற்கெனவே வச்சிட்டா."

மாமா திரைப் பக்கம் திரும்பினார். முறுக்கிய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார், "தண்ணி குளிரா இருக்கப்போகுது. வெதுவெதுன்னு வச்சிருக்காகளான்னு கேளு." மகளோடு அவர் மறுபடி பேச ஆரம்பித்த முதல் பேச்சு அதுதான். லூர்து தலையை ஆட்டிவிட்டுப் பாதிரியாரிடம் கேட்டாள். பாதிரியார் தன் விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போலக் கையை உயர்த்திக் காட்டினார்.

பிள்ளை தலையில் தண்ணீர் விழுந்தபோது மாமா வெள்ளைக்கு முன்னால் முழங்கால் போட்டிருந்தார். அத்தை அடுப்படியிலிருந்து காப்பி டம்ளர்களோடு சாவகாசமாக வெளியே வந்தார். மாமாவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "என்ன, நடந்துக்கிட்டிருக்கா? நான்ல பேரச் சொல்லணும்?" என்றார்.

யார் சொல்வது என்று நானும் அமலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் செலின் அக்காதான் வாசலுக்குப் போய், தெருவில் விசாரித்துவிட்டு வந்து, அத்தையின் காதில் சொன்னார். அத்தை டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி அடுப்படிக்குள் போனவர், இரவு செபம் சொல்லும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் ஷிபுவின் அம்மாவே போன் பண்ணினார். அத்தை என் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சேச்சி, எங்களுக்கு நல்ல நாளுக்கு அதாணு உடுப்பு. பட்சே நீங்க பறஞ்சது செரியா. எனிக்கும் கலர்தான் இஷ்டம்." இரண்டு பேரும் அதன்பிறகு சேலையைப் பற்றிப் பேசிய நேரத்தில் நீலத்தின் பேட்டரிகூடத் தீர்ந்திருக்கும்.

இரவல் வாங்கிய மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளையின் உறையில் மயில்துத்தக் கலரில் மாமாவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. என் தம்பி, "இருக்கட்டும்க்கா" என்றான். நீலத்தின் சார்ஜ் ஓட்டையில் ஒரு அரிசி சிக்கியிருந்ததைப் பற்றி டீச்சர் பல வாரம் கழித்து என்னிடம் மெதுவாக விசாரித்தார். கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் தெருவில் மட்டும் அந்த மாடல் நிறைய விற்றதாகக் கடைக்காரர் சொன்னார்.

எதை வாங்குவது என்று நான் மறுபடி ஆரம்பித்தபோது மாமா கையை உயர்த்தினார். நான் பார்த்த அத்தனை ரிவ்யூக்களையும் ஒரே கேள்வியில் முடித்தார். "அரிசிக்குள்ள போட்டும் சாகாமப் பேசுச்சே, அது எது? அதவே வாங்கு."

நீலத்தையே வாங்கினோம். இப்போது அது தோட்டத்தில்தான் அதிக நேரம் இருக்கிறது. பந்தலுக்குக் கீழே கொடியின் வேண்டாத நுனிகளைக் கிள்ளிக்கொண்டே மாமா பேரனுக்குக் காட்டுவார், "இந்தா, இது பூ. இது பிஞ்சு." அந்தப் பக்கமிருந்து ஒரு குட்டிக் குரல், தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து, கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். டேப்லெட் மந்தம்தான். தாத்தாவும் பேரனும் அவசரப்படுகிற ஆட்கள் இல்லை.

என்னைப் பொறுத்தவரை வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் வாங்கப் போனாலும் சரி, துடைப்பம் வாங்கப் போனாலும் சரி, "ரோஸிய ஒண்ணே ஒண்ணப் பாக்கச் சொல்லு" என்பார்கள். நானும் ஒன்றைத்தான் பார்க்கிறேன், அவர்கள் இருக்கும்போது.

போன கிறிஸ்துமஸுக்கு லூர்தும் ஷிபுவும் பையனோடு வந்தார்கள். மலையிறங்கி ஷிபுவின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மாமா வாசலுக்கே போய் வரவேற்றார். ஷிபுவின் அம்மா கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டில், கண் கூசும்படி இறங்கினார். அத்தையோ அவருக்கு மரியாதையாகத் தங்கக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்து, பேச முடியாமல் சிரித்தார்கள்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷிபுவின் அம்மா அதை வாங்கிக் குடித்துவிட்டு, நாற்காலியில்கூட உட்காராமல் கேட்டார், "மோளே, ஆ அரி டிரம் எவிடெ?"

அரிசி டிரம் இருந்த அடுப்படியைக் காட்டினேன். உள்ளே போனார். சுளகை எடுத்து ஓரமாக வைத்தார். பட்டுச்சேலை கசங்கினாலும் பரவாயில்லை என்று டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டு, உரக்கக் கூப்பிட்டார்.

"ஹலோ! கேக்குன்னுண்டோ?"

கூடத்திலிருந்து மாமா பதில் கொடுத்தார்.

"கேக்குது, கேக்குது. சொல்லுங்க!"